எந்தச் சைட்டோகைன் என்று இரத்தத்தை அளந்து சொல்ல முடியாதா?

கேள்வி, ஜனவரி 9

முடக்குவாதம் வந்து ஏழு வருடம் ஆகிறது. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையோடு, வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை அடைக்கும் ஊசியும் சேர்த்தார்கள். 14 மாதம் நன்றாக இருந்தேன். இப்போது விரல்கள் பழையபடி வீங்குகின்றன. டாக்டர் "வேறு ஊசிக்கு மாறிப் பார்க்கலாம்" என்கிறார். அந்தப் "பார்க்கலாம்"தான் எனக்குப் பிடிக்கவில்லை. டி.என்.எஃப்., ஐ.எல்.-1, ஐ.எல்.-6, ஐ.எல்.-17 என்று இத்தனை சைட்டோகைன்கள், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் புரதங்கள், இருக்கின்றன. என் இரத்தத்தில் எது அதிகம் என்று அளந்து, அதை மட்டும் அடைத்தால் ஆயிற்று. சர்க்கரைக்கு அளந்துதானே மருந்து தருகிறார்கள்? இது குருட்டாம்போக்கு வைத்தியம் இல்லையா?

பதில், ஜனவரி 9, இரவு 10.40

அளக்கலாம். அளந்து பயனில்லை. ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் ஆறு வருடம் எலைசா தட்டு போட்டவள் நான். 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் நோயாளிகளின் சீரத்தை (செல்களை நீக்கிய இரத்த நீர்) விட்டு, நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, ஐ.எல்.-6 இவ்வளவு, டி.என்.எஃப். இவ்வளவு என்று குறிப்பதுதான் வேலை. மூன்றாவது வருடம் எனக்கே முடக்குவாதம் வந்தது. சிரிக்க வேண்டாம், நான் சிரித்து முடித்தாயிற்று.

மிஞ்சிய குழிகளில் என் சீரத்தையும் விட்டுப் பார்ப்பேன். மேலாளர் பார்த்தால் திட்டுவார் என்று பயம். பார்த்தார், திட்டினார். அதற்குள் இரண்டு நாள் கணக்கு கையில் இருந்தது. ஒரு நாள் ஐ.எல்.-6 எகிறி நின்றது. மூன்று வாரம் கழித்து, மணிக்கட்டு அதே அளவு வீங்கியிருந்த இன்னொரு நாள், கருவி ஒன்றுமே காட்டவில்லை. வெற்றுக் குழி மாதிரி இருந்தது. வலி அதே வலி.

சர்க்கரை இரத்தத்தில் ஓடவேண்டிய பொருள். அதை அங்கே அளப்பது நியாயம். சைட்டோகைன் அப்படி இல்லை. ஒரு செல் பக்கத்துச் செல்லுக்குச் சொல்லும் சேதி அது. மூட்டின் உள்சவ்வில் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணு ஒன்று டி.என்.எஃப்.-ஐ வெளியிடுகிறது. அருகில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற சவ்வுச் செல் அதைக் கேட்டு ஐ.எல்.-6 சுரக்கிறது, கூடவே குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளையும் விடுகிறது. எல்லாம் அந்தச் சவ்வுக்குள்ளேயே நடந்து முடிகிறது. தெருவுக்குக் கசிவது கொஞ்சம், அதுவும் சீக்கிரமே சிதைந்து போகும். வீட்டுக்குள் நடக்கும் சண்டையைத் தெருமுனையில் நின்று ஒட்டுக்கேட்டு யார் ஆரம்பித்தது என்று தீர்ப்புச் சொல்லச் சொல்கிறீர்கள்.

நேரமும் ஒரு சிக்கல். முடக்குவாதக்காரர்களின் இரத்தத்தில் ஐ.எல்.-6 விடியற்காலையில் உச்சத்துக்குப் போகிறது, பகலில் இறங்குகிறது. காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாமல் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இதை வைத்து ஒரு மருந்தே செய்தார்கள்: இரவு படுக்கும்முன் விழுங்கினால் விடியலுக்கு முன், 2 மணி வாக்கில், வயிற்றுக்குள் திறக்கும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. காலை இறுக்கம் குறைகிறது என்று 2008-இல் சோதனை முடிவு வந்தது. என் முதல் மாதிரி காலையில் எடுத்தது, இரண்டாவது மதியம் எடுத்தது என்று நினைவு. காரணம் அதுதான்.

ஜனவரி 10

மேலே கடைசி வரியில் "காரணம் அதுதான்" என்று எழுதியது கொஞ்சம் அதிகப்படி. அப்புறம் வருகிறேன்.

ஜனவரி 12

"அக்கா, அப்படியானால் சி.ஆர்.பி. எதற்கு எடுக்கிறார்கள்? அதுவும் இரத்தம்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறும் ஒரு புரதம். அதைச் சுரப்பது கல்லீரல். அதற்குக் கட்டளை போடுவது பெரும்பாலும் ஐ.எல்.-6. சேதி சில நிமிடங்களில் கலைந்துவிடும், சேதியைக் கேட்டுக் கல்லீரல் செய்து தள்ளிய புரதம் நாள்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். அதனால் அளப்பது சுலபம். ஐ.எல்.-6-இன் நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிழலை நம்பி நான் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. டி.என்.எஃப். ஊசி எனக்கு இரண்டு வருடத்தில் கைவிட்டது. அதன்பிறகு டோசிலிசுமாப். இது ஐ.எல்.-6-இன் ஏற்பியை, அதாவது செல்லில் அந்தச் சேதியை வாங்கும் புரதத்தை, அடைக்கும் மருந்து. கல்லீரலுக்குக் கட்டளை போவதே நின்றுவிடும். உடம்பில் எது நடந்தாலும் சி.ஆர்.பி. தரையில் கிடக்கும். மூன்றாவது வருடம் ஒரு நாள் கணுக்காலுக்கு மேலே சிவந்து சூடாகி வீங்கியது. அவசரப் பிரிவுக்குப் போனேன். இளம் டாக்டர், நல்ல பையன். இரத்த அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சி.ஆர்.பி. சுத்தமாக இருக்கிறது, காய்ச்சலும் இல்லை, தொற்று இருக்க வாய்ப்பில்லை, சுளுக்கு" என்றார். நான் போடும் ஊசியின் பெயரை இரண்டு முறை சொன்னேன். அவருக்கு அது வெறும் பெயர். மறுநாள் என் மூட்டுவாத மருத்துவர் காலைப் பார்த்தார், அறிக்கையைப் பார்க்கவே இல்லை, ஆன்டிபயாட்டிக் எழுதினார். தோலுக்கு அடியில் பாக்டீரியா பரவிக்கொண்டிருந்தது.

ஐ.எல்.-6-ஐ அடைக்கும் ஊசி போடுகிறவர்கள் அந்தப் பெயரோடு "சி.ஆர்.பி. நம்பாதீர்கள்" என்பதையும் ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 13

டி.என்.எஃப். என்றால் என்ன என்று கேட்டவருக்கு: "கட்டியை அழுகச் செய்யும் காரணி" என்பதன் சுருக்கம். 1975-இல் லாயிட் ஓல்டின் குழு வைத்த பெயர். எலிகளில் புற்றுக்கட்டி கருகியதைப் பார்த்து, இதோ புற்றுநோய்க்கு மருந்து என்று நம்பினார்கள். மனித உடம்பில் செலுத்தியபோது இரத்த அழுத்தம் விழுந்து ஆட்களையே ஆட்டிவைத்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மூட்டைத் தின்னும் ஒன்றைக் கட்டியின் பெயரில் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

சைட்டோகைன் என்ற பொதுப்பெயரை 1974-இல் ஸ்டான்லி கோஹன் போட்டார். ஐ.எல்., அதாவது இன்டர்லூக்கின், என்றால் வெள்ளணுக்களுக்கு இடையே பேசுவது என்று பொருள். அப்புறம் பார்த்தால் தோல் பேசுகிறது, கொழுப்பு பேசுகிறது, தசையும் பேசுகிறது. எண் மட்டும் 30-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்காக வருந்துகிறேன்.

ஜனவரி 19

"இத்தனை இருக்கும்போது ஒன்றை மட்டும் அடைத்தால் எப்படிப் போதும்?" 1980-களில் பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் கேட்ட கேள்வியும் இதுவேதான். மூட்டுச் சவ்வில் தேடினால் டி.என்.எஃப்., ஐ.எல்.-1, ஐ.எல்.-6, ஐ.எல்.-8 எல்லாமே கிடைத்தன. ஒன்றைத் தடுத்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும் என்பதுதான் பொதுக் கருத்து.

லண்டனில் கென்னடி நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி குழு வேறு விதமாகப் பார்த்தது. ஃபியோனுலா பிரென்னன் (இவர் பெயரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்) நோயாளிகளின் மூட்டுச் சவ்வுச் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்தார். செல்கள் யாரும் தூண்டாமலே ஐ.எல்.-1 சுரந்துகொண்டிருந்தன. டி.என்.எஃப்.-ஐ மட்டும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைப் பிடிக்கும் புரதம்) போட்டுப் பிடித்ததும் ஐ.எல்.-1 சரிந்துவிட்டது. இது 1989. அதாவது, எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கவில்லை, ஒருவர் கையைப் பிடித்து மற்றவர் தொங்குகிறார். அப்புறம் 1991-இல் ஜார்ஜ் கோலியாஸ் குழு, மனித டி.என்.எஃப்.-ஐ அதிகமாகச் சுரக்கும் எலிகளை உருவாக்கியது. அவற்றுக்குத் தானாகவே மூட்டுவாதம் வந்தது. டி.என்.எஃப்.-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியால் அது வராமல் தடுக்கவும் முடிந்தது.

1992-இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 20 நோயாளிகளுக்கு டி.என்.எஃப்.-ஐ அடைக்கும் ஆன்டிபாடியை முதன்முதலாகக் கொடுத்தார்கள். வேறெந்த மருந்துக்கும் அசையாதவர்கள் அவர்கள். வீக்கம் வடிந்தது, சோர்வு போனது. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. 1994-இல் 73 பேரிடம் முறையான சோதனை நடந்தது. வெறும் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 8 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், அதிக அளவு மருந்து ஏறியவர்களில் 79 சதவீதம் பேருக்கு. ஃபெல்ட்மனுக்கும் மைனிக்கும் 2003-இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

கேள்வி கேட்டவர் கவனிக்க: 1989-இல் பதில் சொன்னது அளவு இல்லை, அடைப்பு. எது அதிகமாக இருக்கிறது என்று பட்டியல் போட்டபோது எல்லாமே அதிகமாக இருந்தன. ஒன்றை எடுத்துவிட்டுப் பார்த்தபோதுதான் எது எதைத் தாங்கி நிற்கிறது என்று தெரிந்தது. உங்கள் டாக்டரின் "மாறிப் பார்க்கலாம்" அந்த வரிசையில் வருவதுதான். கேட்கக் கோபம் வரும். எனக்கும் வந்தது.

ஜனவரி 20

நேற்றைய குறிப்பில் 79 சதவீதத்தைப் பார்த்து யாரும் துள்ள வேண்டாம். அது நான்கு வாரக் கணக்கு, முன்னேற்றம் என்றால் நோயின் அறிகுறிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே கணக்கில் சேரும். முழுசாக நோய் அடங்குவது வேறு விஷயம்.

பிப்ரவரி 2

என் தம்பி கதையை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு முதுகு. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது முதுகெலும்பு மூட்டுகளில் வரும் அழற்சி. இரவு இரண்டு மணிக்கு வலியில் எழுந்து வீட்டுக்குள் நடப்பான். நடந்தால் குறையும், படுத்தால் கூடும். என் நோய் எலும்பை அரிக்கிறது, அவன் நோய் எலும்பை அரித்துவிட்டு அதன்மேல் புது எலும்பையும் வளர்க்கிறது. ஒரே வீட்டில் ஒரே தாய் வயிற்றில் பிறந்து இரண்டு எதிர்த்திசை.

அவனுக்கு டி.என்.எஃப். ஊசி ஒத்துக்கொள்ளவில்லை. சி.ஆர்.பி. உச்சத்தில் நின்றது. நான்தான் மேதாவி அல்லவா? "சி.ஆர்.பி. ஏறியிருக்கிறது என்றால் ஐ.எல்.-6 ஏறியிருக்கிறது, எனக்குப் போடும் ஊசியையே கேள்" என்று நச்சரித்தேன். அவனும் போய்க் கேட்டான். டாக்டர் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்: அந்த நோய்க்கு டோசிலிசுமாப் கொடுத்துப் பார்த்தாயிற்று, 2014-இல் முடிவும் வந்துவிட்டது. சி.ஆர்.பி. விழுந்தது, முதுகு அப்படியே இருந்தது. நிழல் மறைந்தது, ஆள் நகரவில்லை.

பிறகு ஐ.எல்.-17-ஐ அடைக்கும் செகுகினுமாப் போட்டான். ஆறு வாரத்தில் இரவு நடை நின்றது. ஆனால் அதே ஐ.எல்.-17 என் நோயில் பெரிய ஆள் இல்லை. முடக்குவாத மூட்டு நீரில் அது இருக்கிறது, எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டுகிறது என்று 1999-லேயே காட்டினார்கள். அப்படியானால் அடைத்தால் அற்புதம் நடக்க வேண்டும், இல்லையா? நடக்கவில்லை. இருப்பது வேறு, நடத்துவது வேறு.

ஐ.எல்.-17-க்கு மேலே உட்கார்ந்து உத்தரவு போடுவது ஐ.எல்.-23. ஆக முதுகுக்கு இரண்டில் எதை அடைத்தாலும் ஒன்றுதான்.

பிப்ரவரி 3

தவறு. நேற்றைய கடைசி வரியை அடித்துவிடுங்கள். நானும் பாடப்புத்தக அம்புக்குறியை நம்பிவிட்டேன்.

ஐ.எல்.-23-ஐ அடைக்கும் மருந்துகள் சோரியாசிஸ் தோலில் பிரமாதம், சோரியாசிஸ் மூட்டுவாதத்தில் வேலை செய்கின்றன. முதுகில் தோற்றுப்போயின. உஸ்டெகினுமாபும் தோற்றது, ரிசான்கிசுமாபும் தோற்றது. இத்தனைக்கும் 2012-இல் எலிகளில் ஐ.எல்.-23 மட்டும் கொடுத்தே தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்தில் அழற்சியை உண்டாக்கினார்கள். எலி ஒன்று சொன்னது, மனித முதுகு வேறு சொன்னது. ஐ.எல்.-23-இன் உத்தரவுக்குக் காத்திருக்காமலே ஐ.எல்.-17-ஐச் சுரக்கும் செல்கள் அங்கே குடியிருக்கின்றன என்பது ஒரு விளக்கம்.

குடல் வந்தால் இன்னும் குழப்பம். ஐ.எல்.-17-ஐ அடைத்தால் குடலில் அழற்சி வரும் குரோன்ஸ் நோய் மோசமாகிறது, ஐ.எல்.-23-ஐ அடைத்தால் குணமாகிறது. தம்பிக்கு ஊசி தொடங்கும்முன் வயிற்றுப்போக்கு உண்டா என்று மூன்று முறை ஏன் கேட்டார்கள் என்று இப்போது புரிகிறது.

பிப்ரவரி 3, சற்று நேரம் கழித்து

கவுட் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அது நேர்வழி நோய். மூட்டில் யூரிக் அமிலப் படிகம் ஊசி ஊசியாக விழுகிறது, மேக்ரோஃபேஜ் அதை விழுங்குகிறது, உள்ளே என்.எல்.ஆர்.பி.3 என்ற எச்சரிக்கை மணி அடிக்கிறது, ஐ.எல்.-1 பீட்டா வெளியே பாய்கிறது. 2006-இல் யூர்க் சோப் குழு இதைக் கண்டது. அனகின்ரா என்ற ஐ.எல்.-1 அடைப்பு மருந்து என் நோய்க்காக 2001-இல் வந்து சுமாராகத்தான் ஓடியது. அதே மருந்து கவுட் வீக்கத்தை அடக்குகிறது. தவறான கல்யாணத்தில் மாட்டிய நல்ல மாப்பிள்ளை.

பிப்ரவரி 17

இவ்வளவு எழுதிவிட்டு, முதல் கேள்விக்கு உருப்படியாகப் பதில் சொல்லவே இல்லை என்று கேள்வி கேட்டவரே சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான். 14 மாதம் வேலை செய்த ஊசி ஏன் நின்றது?

ஊசி தொடக்கத்திலிருந்தே வேலை செய்யவில்லை என்றால், உங்கள் நோயை நடத்துவது வேறு மூலக்கூறு என்று சந்தேகிக்கலாம். நன்றாக வேலை செய்து பிறகு நின்றால், முதல் சந்தேகம் மருந்தின் மேலேயே விழ வேண்டும். இந்த ஊசி மருந்துகள் பெரிய புரதங்கள். டி.என்.எஃப்.-ஐ அடைக்கும் இன்ஃப்ளிக்சிமாபில் எலிப் புரதத்தின் பங்கு கால்வாசி. முழுக்க மனிதப் புரதமாக வடிவமைத்த அடலிமுமாப் என்றாலும் உடம்பு அதை அந்நியனாகப் பார்த்து அதற்கு எதிராகவே ஆன்டிபாடி செய்யலாம். ஆன்டிபாடிக்கு எதிரான ஆன்டிபாடி! அது மருந்தைக் கட்டிப்பிடித்துக் குப்பைக்கு அனுப்பிவிடும். நீங்கள் தவறாமல் ஊசி போடுவீர்கள், இரத்தத்தில் மருந்து இருக்காது.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அடுத்த ஊசி போடுவதற்குச் சற்று முன் இரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு இருக்கிறது, அதற்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பது. சைட்டோகைனை அளப்பதைவிட இது பல மடங்கு பயனுள்ளது. மருந்தே இல்லை, ஆன்டிபாடி எகிறியிருக்கிறது என்றால் டி.என்.எஃப். இன்னும் குற்றவாளிதான், வேறு டி.என்.எஃப். ஊசி போடலாம். மருந்து போதுமான அளவு இருந்தும் மூட்டு வீங்குகிறது என்றால் வேறு மூலக்கூறுக்குத் தாவுவது புத்திசாலித்தனம்.

அப்புறம், மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். குமட்டலுக்குப் பயந்து நான் நிறுத்தினேன், டாக்டரிடம் சொல்லவில்லை. அந்த மாத்திரை நோயை அடக்குவதோடு, ஊசிக்கு எதிரான ஆன்டிபாடி உருவாவதையும் குறைக்கிறது. என் முதல் ஊசி கைவிட்டதற்கு நானேதான் காரணமோ என்று இன்றுவரை குறுகுறுப்பு. (வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை அது. தினமும் என்று தவறாகப் புரிந்து விழுங்கினால் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும். யாராவது முதல் முறை வாங்குகிறீர்கள் என்றால் எந்தக் கிழமை என்று அட்டையில் எழுதுங்கள்.)

பிப்ரவரி 18

கேள்வி கேட்டவர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 6

"ஊசி போட்ட மறுநாளே மனசு லேசானது, வீக்கம் குறைய இரண்டு வாரம் ஆனது. பிரமையா?" பிரமை இல்லை. எனக்கும் அப்படித்தான். இன்ஃப்ளிக்சிமாப் ஏற்றிய 24 மணி நேரத்துக்குள் மூளையில் வலி தொடர்பான பகுதிகளின் துடிப்பு அடங்குவதை 2011-இல் ஸ்கேனில் காட்டினார்கள். மூட்டில் அப்போது எந்த மாற்றமும் இல்லை. வீக்கச் சேதி மூளைக்கும் போகிறது. காய்ச்சலில் போர்த்திக்கொண்டு யாரிடமும் பேசாமல் படுப்போமே, அதுவும் இந்த மூலக்கூறுகள் செய்வதே. காய்ச்சலில் அது மூன்று நாள். நமக்கு வருடக்கணக்கு. "சோம்பேறி" என்று பேர் வாங்கியவர்கள் கை தூக்குங்கள்.

இரத்தசோகையும் இதே கணக்குதான். ஐ.எல்.-6 கல்லீரலிடம் ஹெப்சிடின் சுரக்கச் சொல்லும். ஹெப்சிடின் இரும்புச்சத்தைக் கிடங்கில் பூட்டிவிடும். இரும்பு இருக்கும், பயன்படுத்த முடியாது. நான் இரண்டு வருடம் இரும்பு மாத்திரை விழுங்கினேன், ஹீமோகுளோபின் அசையவில்லை. டோசிலிசுமாப் தொடங்கியதும் மூன்று மாதத்தில் தானாக ஏறியது.

மார்ச் 14

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடியைப் பரிந்துரைத்தவருக்கு: என் நோயே எதிர்ப்பு சக்தி பொழுதுபோகாமல் வீட்டுக்காரரை அடிப்பதுதான். அவருக்குச் சத்துணவும் கொடுக்கச் சொல்கிறீர்களே.

ஆனால் அடியாளை முழுசாகக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கதை உண்டு. காசநோய்க் கிருமி உள்ளே நுழைந்தால், உடம்பு அதைச் சுற்றி வெள்ளணுக்களால் ஒரு சுவர் கட்டிச் சிறை வைக்கிறது. அந்தச் சுவரை நிற்கவைப்பது டி.என்.எஃப். கிருமி சாகாமல் பல வருடம் உள்ளே தூங்கும். டி.என்.எஃப்.-ஐ அடைத்தால் சுவர் இடிகிறது. இன்ஃப்ளிக்சிமாப் போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-இல் ஓர் அறிக்கை சொன்னது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியே. பாதிப்பேருக்கு 12 வாரத்துக்குள். அதனால்தான் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய் இரத்தப் பரிசோதனையும்.

அந்த இரத்தப் பரிசோதனையில் அளப்பது என்ன தெரியுமா? காமா இன்டர்ஃபெரான். அதுவும் ஒரு சைட்டோகைன். "அளந்து பயனில்லை" என்று ஜனவரியில் முழங்கினேனே, இதோ அளக்கிறார்கள், பயன் இருக்கிறது. வித்தியாசம், இங்கே இரத்தத்தில் மிதப்பதை அப்படியே அளக்கவில்லை. குழாயில் கிருமியின் துண்டைப் போட்டுச் செல்களைச் சீண்டி, என்ன பதில் வருகிறது என்று பார்க்கிறார்கள்.

மார்ச் 15

இரண்டு ஊசியையும் சேர்த்துப் போட்டால்? எடனர்செப்ட் என்ற டி.என்.எஃப். ஊசியோடு அனகின்ரா சேர்த்துப் பார்த்து 2004-இல் முடிவு சொன்னார்கள். கூடுதல் பலன் இல்லை, கடும் தொற்று மட்டும் கூடியது.

ஏப்ரல் 1

ஜனவரி 9 குறிப்பைத் திருத்த வேண்டும். முட்டாள்கள் தினத்தில் எழுதுவது பொருத்தம்.

பழைய கூடத்துத் தோழியிடம் என் இரண்டு மாதிரிகளின் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த முதல் தட்டு பழைய கிட். அதில் ருமட்டாய்டு ஃபேக்டர் தடுப்பு கிடையாது. உனக்கு ஆர்.எஃப். எவ்வளவு?" என்றாள்.

விளங்காதவர்களுக்கு: எலைசாவில் ஐ.எல்.-6-ஐ இரண்டு ஆன்டிபாடிகள் மேலும் கீழும் பிடித்தால்தான் நிறம் வரும். நடுவில் ஐ.எல்.-6 இல்லாவிட்டால் நிறம் வராது. ஆனால் ருமட்டாய்டு ஃபேக்டர் என்பதே ஆன்டிபாடிகளின் அடித்தண்டைப் பிடிக்கும் ஆன்டிபாடி. அது நடுவில் புகுந்து மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் பிடித்துப் பாலம் போட்டுவிடும். ஐ.எல்.-6 துளிகூட இல்லாமலே தட்டு மஞ்சளாகும். எனக்கு ஆர்.எஃப். மிக அதிகம். இரண்டாவது நாள் தட்டில் தடுப்பு இருந்தது, அதனால்தான் வெற்றுக் குழி.

ஆக, காலை மதியம் என்று நான் சொன்ன விளக்கம், என் மாதிரிகளைப் பொறுத்தவரை, தப்பு. விடியற்காலை உச்சம் உண்மைதான், அதை வேறு பலர் ஒழுங்காக அளந்து காட்டியிருக்கிறார்கள். என் தட்டு அளந்தது என் நோயின் வேறொரு முகத்தை. ஆறு வருடம் எத்தனை பேரின் சீரத்தில் இந்தப் பாலத்தை ஐ.எல்.-6 என்று குறித்தேனோ.

ஏப்ரல் 11

ஊசிக்குப் பயந்தவர்களுக்கு ஜேக் மாத்திரைகள் உண்டு. பல சைட்டோகைன்களின் சேதி செல்லுக்குள் போக ஜேக் நொதிகள் வேண்டும். வெளியே ஒவ்வொருவரையும் பிடிப்பதற்குப் பதில் வாசல்காரனைப் பிடிப்பது. டோஃபாசிட்டினிப் 2012-இல் வந்தது. (டி.என்.எஃப்.-உம் ஐ.எல்.-1-உம் இந்த வாசலால் போவதில்லை. ஆனாலும் மாத்திரை வேலை செய்கிறது. கிண்ணத்தில் ஒருவர் கையைப் பிடித்து ஒருவர் தொங்கியதை நினைத்துக்கொள்ளுங்கள்.) 50 வயதுக்கு மேல், இதய நோய் ஆபத்துக் காரணி ஏதாவது ஒன்றாவது உள்ள 4,362 பேரிடம் டி.என்.எஃப். ஊசியோடு ஒப்பிட்டார்கள். இதயப் பாதிப்பு 3.4-க்கு 2.5 சதவீதம், புற்றுநோய் 4.2-க்கு 2.9 சதவீதம். கூடியது மாத்திரைப் பக்கம். 2021-இல் பெட்டியில் எச்சரிக்கை ஏறியது. வயதும் புகையும் உள்ளவர்கள் இதை டாக்டரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

மே 4

கேள்வி கேட்டவரின் முடிவு வந்துவிட்டது. மருந்து அளவு: ஏதுமில்லை. ஆன்டிபாடி: அதிகம். மெத்தோட்ரெக்ஸேட்டை ஊசி வடிவில் மீண்டும் தொடங்கி, வேறொரு டி.என்.எஃப். ஊசி கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரத்தில் மோதிரம் விரலில் ஏறுகிறதாம்.

மே 18

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதல் நாள் உங்களை மட்டம் தட்டிவிட்டேன். உங்கள் கேள்வி சரியான கேள்வி, தேடச் சொன்ன இடம்தான் தவறு.

இரத்தத்துக்குப் பதில் மூட்டுச் சவ்விலேயே துண்டு எடுத்து, அதைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாமா என்று லண்டனில் கோஸ்டான்டினோ பிட்சாலிஸ் குழு சோதித்தது. 2021-இல் முடிவு. டி.என்.எஃப். ஊசி கைவிட்ட 164 பேர். சவ்வில் பி செல்கள் (ஆன்டிபாடி செய்யும் வெள்ளணு வகை) குறைவாக இருப்பவர்களுக்கு, பி செல்லை அழிக்கும் ரிட்டுக்சிமாபைவிட டோசிலிசுமாப் நன்றாக வேலை செய்யும் என்பது எதிர்பார்ப்பு. நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்தபோது வித்தியாசம் தெளிவாக இல்லை. அதே துண்டின் ஆர்.என்.ஏ.-ஐ (எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் நகல்) படித்துப் பிரித்தபோது, டோசிலிசுமாப் 63 சதவீதம் பேருக்குப் பலன் தந்தது, ரிட்டுக்சிமாப் 36 சதவீதம் பேருக்கு. செல் என்ன பேசிக்கொண்டிருக்கிறது என்று வீட்டுக்குள்ளேயே போய்க் கேட்ட மாதிரி.

முழங்காலில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்து, அரிசிமணி அளவுத் துண்டுகளாகப் பத்துப் பன்னிரண்டு எடுப்பார்கள். என் டாக்டரிடம் போன வாரம் கேட்டேன், இங்கே செய்கிறீர்களா என்று. "இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை, ஆராய்ச்சிக்கு மட்டும். வந்தால் கொடுப்பீர்களா?" என்றார்.

இடது முழங்கால் என்றால் சரி என்றேன். வலதுதான் மாடிப்படி ஏறுகிறது.